கச்சேரி முடிந்த பிறகு பாடகரோடு

கோயில் நோம்பிகளுக்கு, அதாவது திருவிழாக்களுக்கு, மைக் செட் போடும் தொழிலில் என் இளமைக் காலம் கழிந்தது. கோபி, அந்தியூர், சத்தியமங்கலம், பெருந்துறை, கரூர் வட்டாரங்களில் நடந்த மெல்லிசைக் கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கியும் மேடை விளக்கும் கொண்டுபோய் இறக்கி, விடிந்ததும் அவிழ்த்து ஏற்றிக்கொண்டு திரும்புவது எங்கள் வேலை. தமிழ்நாடே குரலால் அறிந்திருந்த ஒரு திரைப்படப் பாடகர் அந்நாட்களில் எங்கள் பகுதிக்கு அடிக்கடி வருவார். கச்சேரி நடத்துகிறவர்களுக்கு என்னைத் தெரியும் என்பதாலும், என்னிடம் ஓர் அம்பாசிடர் கார் இருந்ததாலும், எல்லாம் முடிந்த பிறகு அவரை விடுதிக்கோ ஈரோடு ரயில் நிலையத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிடும். ஆகவே மேடையில் பார்த்ததைவிட நள்ளிரவுக்குப் பிறகு, தேநீர்க் கடையிலும் சந்தையிலும் ரயில் நடைமேடையிலும்தான் அவரை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. மேடையில் அவர் பாடியது ஊருக்கு உரியது. இறங்கிய பின் களைப்போடு இருந்த நேரம் அவருக்கு மட்டும் உரியது என்றே கருதுகிறேன். ஆனால் அந்த இரவுகளில் தெரிந்துகொண்டவை, இன்று விழாக் கமிட்டிகளில் இருக்கும் இளைஞர்களுக்கும், தமக்குப் பிடித்த பாடகரை ஒருமுறையேனும் அருகில் கண்டு பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கச்சேரிகள் ஏன் விடிய விடிய நடந்தன என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். குண்டம் இறங்குவது, அதாவது தீ மிதிப்பது, பெரும்பாலும் அதிகாலையில். குண்டம் இறங்குகிறவர்களும் அதைப் பார்க்க வருகிறவர்களும் முந்தைய நாளே வந்து கோயிலைச் சுற்றித் தங்கிவிடுவார்கள். அவர்கள் எல்லோரும் விடியும் வரை விழித்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களுக்கு முதல் பேருந்து வரும் வரை போக்கிடமும் கிடையாது. முன்பு உடுக்கை அடித்துப் பொன்னர் சங்கர் என்னும் அண்ணமார் கதை பாடினார்கள், நாடகம் போட்டார்கள், பிற்பாடு அந்த இடத்துக்கு மெல்லிசை வந்தது. ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் கம்பம் நட்டுவிட்டால் இரவுதோறும் மேளத்துக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்களே, அதுபோல உறங்காமல் இருப்பதே இங்கு வழிபாட்டில் ஒரு பகுதி. ஆகையால் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கச்சேரி இரண்டு, மூன்று மணி வரை நீளும். பாடுகிறவரின் தொண்டை அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

சாதாரணமாகப் பேசும்போதே ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 முறை வரையும், பெண்ணின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. உச்சத்தில் பாடும்போது அந்த எண்ணிக்கை இன்னும் பல மடங்கு ஏறும். மணிக்கணக்கில் இப்படி ஒன்றோடொன்று மோதிய நாண்கள் லேசாக வீங்கியிருக்கும் என்பதும், அந்நிலையில் அவற்றுக்கு வேண்டியது ஓய்வு மட்டுமே என்பதும் எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்தவையல்ல. கடைசிப் பாட்டு முடிந்து கீழே இறங்கியதும் அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு, உதடுகளை மூடியபடி மெல்லிய முனகலாக மேலிருந்து கீழே இறங்கும் ஸ்வரங்களைச் சில நிமிடங்கள் இசைப்பார். அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் பயிற்சி செய்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கேட்டபோது, "ஓடி வந்த காளையை நின்ன இடத்துலயே கட்டிடுவீங்களா தம்பி? கொஞ்ச தூரம் நடக்க விட்டுத்தானே கட்டுவீங்க?" என்றார். காங்கேயம் காளைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லோரும் வருவார்கள். கமிட்டித் தலைவர், நன்கொடை கொடுத்தவர், அவருடைய மருமகன், பள்ளியில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பேத்தி. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் நேரம். ஆயினும் பத்துப் பேருக்கு இரண்டிரண்டு வாக்கியம் பதில் சொல்வது, களைத்த தொண்டைக்கு இன்னொரு பாட்டு பாடுவதைவிடக் கடினமானது. பாட்டில் மூச்சும் சுருதியும் ஓர் ஒழுங்கில் இருக்கின்றன. பேச்சில் அந்தக் கவனம் இருப்பதில்லை. அதனால் நானும் கச்சேரி அமைப்பாளரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முதல் அரை மணி நேரம் அவரிடம் யாரும் போகக் கூடாது. அதன் பிறகு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்து வாங்கலாம். கேள்வி கேட்க வேண்டாம். இதை அவர் வாயால் சொல்லவைக்காமல் நாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவோம். சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் வருத்தப்பட்டதில்லை. ரகசியம் போலக் கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்று சிலர் எண்ணுகிறார்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களை இறுக்கவே செய்யும் என்பதால், ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான்.

தேநீர்க் கடைகள் வேறு வகைச் சிக்கல். ஈரோட்டை நெருங்கும்போது சித்தோடு பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் விடிய விடியத் திறந்திருக்கும் கடை ஒன்றில் நிறுத்துவோம். லாரிகளின் ஏர் ஹாரன், பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் ஓசை, கடைக்காரர் உறக்கம் வராமலிருக்க வைத்திருக்கும் டேப் ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் இடம் அது. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறார்கள் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். ஒலித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். மேடையில் காப்பாற்றிய குரலைத் தேநீர்க் கடையில் இழந்துவிட முடியும். ஆகவே கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லி, தேநீரை நான் வாங்கிக்கொண்டு போவேன். குளிர்காலத்தில் சைக்கிளில் பாத்திரம் கட்டிச் சுக்குக் காப்பி விற்கிறவர் கண்ணில் பட்டால் நிறுத்தச் சொல்வார். மற்ற நாட்களில் வெறும் சுடுநீர் போதும். தண்ணீர் குரல்நாண்களைத் தொட்டு நனைப்பதில்லை. அது உணவுக் குழாய் வழியே போய் உடம்பில் சேர்ந்த பிறகே நாண்களுக்கு ஈரம் போய்ச் சேர்கிறது. எனவே கச்சேரி முடிந்த பிறகு குடங்குடமாகக் குடிப்பதைவிட, பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் குடித்திருக்க வேண்டும் என்பார்.

ஒரு முறை அந்தக் கடையில் அவரை ஒரு லாரி ஓட்டுநர் அடையாளம் கண்டுகொண்டார். காரின் கண்ணாடியைத் தட்டி, இரண்டு கைகளையும் கூப்பி, தன் தாயாருக்குப் பிடித்த பாட்டில் இரண்டே வரி பாட வேண்டும் என்று கேட்டார். தாயார் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன என்பதும் தெரியவந்தது. பாடகர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் இறங்கிப் போய், "அண்ணா, விடியக்காலம் வரைக்கும் பாடிப்போட்டு வர்றாருங்க. தொண்டை ஓஞ்சு கிடக்குது. உங்க கையில ஏதாச்சும் காகிதம் இருந்தாக் குடுங்க, அம்மா பேரைப் போட்டு எழுதிக் குடுப்பாருங்க" என்றேன். ஓட்டுநர் லோடு ரசீது ஒன்றின் பின்புறத்தை நீட்டினார். பாடகர் அதில் அந்த அம்மாவின் பெயரையும், கேட்ட பாட்டின் முதல் அடியையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மனிதர் ரசீதை மடிக்காமல், ஈரம் படாமல், வண்டியின் முன்கண்ணாடிக்கு மேல் இருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததை நான் பார்த்தேன். கலைஞரால் மறுக்க முடியாதபோது உடன் இருப்பவர்தான் மறுக்க வேண்டும். மறுத்தவுடன் அதற்கு ஈடாக வேறு ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவரே ஒருநாள் கேட்டார். திங்கட்கிழமை மாலை தொடங்கி மறுநாள் வரை நடக்கும் கனி மார்க்கெட் வாரச்சந்தை, பின்னிரவில்தான் முழு வேகத்தில் இருக்கும். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் டார்ச் வெளிச்சத்தில் லுங்கியின் நெசவைத் தடவிப் பார்ப்பார்கள். மூட்டைகளின் மேலேயே சிலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் மப்ளரை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டத்தில் ஒருவராக நடந்தார். யாருக்கும் தெரியவில்லை. சென்னிமலைப் போர்வைகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, ஒன்றை விரித்துப் பார்த்து, "இது என்ன விலைங்க?" என்று கேட்டார். கணக்கு நோட்டில் குனிந்திருந்த வியாபாரி தலையை நிமிர்த்தாமலே எழுதுவதை நிறுத்திவிட்டார். "இன்னொரு வாட்டி கேளுங்க" என்றார். அடுத்த சில நொடிகளில் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

அன்று அங்கே நடந்ததை நான் மதிக்கிறேன். அந்த வியாபாரி கூச்சல் போடவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். போர்வைக்கு எல்லோரிடமும் வாங்கும் விலையையே வாங்கினார். "இனாமாக் குடுத்தா நீங்க அடுத்த வாட்டி வரக் கூச்சப்படுவீங்க" என்று காரணமும் சொன்னார். புகழ்பெற்றவர்களிடம் எதையாவது திணிப்பதே அன்பு என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். பாடகர் அவராகவே அங்கு வெகுநேரம் உட்கார்ந்து, பவானி ஜமுக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் நூலில் என்ன வேறுபாடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிப் பேசாத ஒரு மணி நேரம் கிடைத்ததில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. பிற்காலத்தில் எந்தக் கலைஞரை அழைத்துச் சென்றாலும், அவர் பாட்டைப் பற்றி நானாகத் தொடங்குவதில்லை; ஊரைப் பற்றி, விளைச்சலைப் பற்றி, தறியைப் பற்றிப் பேசுவேன். பாட்டு தானாக வந்து சேரும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொங்கு நாட்டில் எழுதுவது எளிதல்ல. விருந்தினர் இலையில் 'போதும்' என்ற சொல்லை நாம் ஏற்றுக்கொள்வதே இல்லை. கச்சேரிக்கு முன் பள்ளிபாளையம் சிக்கனும், நாட்டுக்கோழிக் குழம்பும், பின்னால் தயிரும் பழமுமாகப் பரிமாறி, உண்ணாவிட்டால் கோபித்துக்கொள்ளும் வீடுகளை நான் அறிவேன். வயிறு நிறையக் காரம் உண்டால் மூச்சை அடிவயிறு வரை இழுத்துப் பாட இயலாது. பின்னிரவில் உண்டு உடனே படுத்தால் வயிற்றின் அமிலம் மேலேறி வந்து குரல்நாண்களைப் புண்ணாக்கும். காலையில் குரல் கரகரப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவர் மாலையிலேயே இரண்டு இட்லியோ, சிறிது அரிசிம்பருப்புச் சோறோ உண்டு முடித்துவிடுவார்; கச்சேரிக்குப் பின் ஒரு வாழைப்பழம். விருந்து வைக்க விரும்பும் வீட்டாரிடம் மறுநாள் மதியத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்போது அவர் மனம் நிறைய உண்பார். அவர்களுக்கும் நிறைவாக இருக்கும்.

இனி என் தொழில் சார்ந்த செய்தி. இரவில் கச்சேரி முடிந்தபின் பாடகர் உங்களோடு பேசும் நிலையில் இருப்பாரா என்பது மேடையிலேயே முடிவாகிவிடுகிறது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய பாடகரும் கத்தத்தான் செய்வார். அந்நாட்களில் ஊர் முழுவதும் தென்னை மரங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக் கேட்கவைத்துவிட்டு, பாடுகிறவருக்கு முன்னால் அவர் குரலை அவருக்கே கேட்கவைக்கும் ஒரு மானிட்டர் பெட்டி வைக்காமல் விட்ட மேடைகள் மிகுதி. என் பெட்டிகளில் முதலில் இறங்குவது மானிட்டராக இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டது இவரிடம் கற்ற பாடம். ஜெனரேட்டரைக் காற்று வீசும் திசை பார்த்து, டீசல் புகை மேடைக்கு வராதபடி தள்ளி நிறுத்த வேண்டும். மைதானத்துப் புழுதி அடங்க மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாணவேடிக்கையைப் பாட்டுக்கு நடுவில் வைக்கவே கூடாது; அந்தக் கந்தகப் புகை ஒரு மூச்சு உள்ளே போனால் அடுத்த சரணம் இருமலில் முடியும்.

உடன் வரும் பாடகிகளைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியாக வேண்டும். மேடை அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் கமிட்டி, அவர்களுக்கு ஒரு கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் ஏற்பாடு செய்யாமல் விடுவதை நான் பல ஊர்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அந்தியூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், மேடையை ஒட்டிய வீட்டு ஆத்தா ஒருவர் தாமாகவே வந்து, "வா அம்மணி, எங்க ஊட்டுல கட்டில் கெடக்குது, கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டுப் படு" என்று ஒரு பாடகியை அழைத்துப்போனார். வானொலியில் தினமும் ஒலிக்கும் குரல் அவருடையது என்பது அந்த ஆத்தாவுக்குத் தெரியாது. அப்படி ஒரு வீட்டை முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்வது ஒரு நாள் வேலை. அதைச் செய்யாத கமிட்டிக்குக் கலைஞர்களை அழைக்கும் தகுதி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னிரவில் கச்சேரி முடிந்ததும் பொருளாளர் கண்ணில் படாத ஊர் ஒன்றில், வாத்தியக் கலைஞர்கள் விடியும் வரை காத்திருந்ததை நான் கண்டேன். பாடகர் தன் பையிலிருந்த பணத்தை எடுத்து அவர்களுக்குப் பிரித்துக்கொடுத்து அனுப்பினார். பாக்கித் தொகையை இடைவேளையிலேயே உறையில் போட்டு அமைப்பாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அவர் மிகுதியாகப் பேசியது ஓடும் காரில், சாலையில் ஆளரவம் இல்லாத நேரத்தில்தான். கரூரிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பிய ஓர் இரவில், கொடுமுடியைக் கடக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். காவிரி கிழக்கே திரும்பும் அந்த ஊரில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடக மேடையேறி, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியவர். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றதும், பின்னர் மேலவை உறுப்பினரானதும் பலர் அறிந்தவை. பாடகர் காரை விட்டு இறங்கி, ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார். அதன் பிறகு ஈரோடு வரும் வரை, மைக் இல்லாமல் பாடியவர்கள் வயிற்றிலிருந்து மூச்சை எப்படி எடுத்தார்கள், மைக் வந்தபின் மென்மையாகப் பாடுவதற்கு எப்படித் துணிவு வந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்னொரு முறை கோவைக்குள் நுழையும்போது, டி. எம். சௌந்தரராஜன் திரைக்கு முதன்முதலாகப் பாடிய கிருஷ்ண விஜயம் படம் இந்த ஊர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது என்பதையும், எம். எஸ். விசுவநாதன் எடுபிடி வேலை பார்த்து இசை கற்றதும் அங்கேதான் என்பதையும் நினைவுகூர்ந்தார். நான் எதையும் கேட்கவில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு சொல்லையும் நான் டேப்பில் பதிவு செய்யவில்லை என்பதால்தான் அவர் பேசினார் என்று இன்றும் நம்புகிறேன்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்த பிறகு, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை ஏற்பட்டது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். குழந்தைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் இது நியாயமானது. தொழிலில் வருமானம் குறைந்தபோதும் நான் அப்படியே கருதினேன். இப்போது கச்சேரி நேரத்தோடு முடிகிறது. ஆனால் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. பாடகர் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது படம் எடுப்பதும், 'என் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒரு வரி பாடிச் சொல்லுங்கள்' என்று கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டுவதும் புதிதாக வந்த தொல்லைகள். எங்கள் ஊர்க் கமிட்டியில் இப்போது ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறோம்: உண்ணும்போது படம் இல்லை, வாழ்த்துப் பதிவு இல்லை, முதல் அரை மணி நேரம் யாரும் வர வேண்டாம்.

சென்ற நோம்பிக்குப் பாட வந்த இளைஞர், அந்த அரை மணி நேரம் முடிந்ததும் தாமே வெளியே வந்து, மெல்லிசைக் குழுவில் சேர ஆசைப்படும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனோடு கார் வரும் வரை பேசிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தவுடன் உச்சஸ்தாயியைத் தொடக் கூடாது, கீழ் ஸ்வரங்களில் மெதுவாகத் தொடங்க வேண்டும். சளியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் பயிற்சியை விட்டுவிட வேண்டும். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்வதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீரை விழுங்க வேண்டும். குரல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் கரகரத்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, பையன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டான்.